தீராத கேஸ் தோம்பு

கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், போடுகிறவனுக்கு வாசலோடு வேலை முடிவதில்லை. அடுப்படிவரை போகவேண்டிய தொழில் இது. எங்கள் ஊர் கூலாயில் எந்த வீட்டில் சமைக்கிறார்கள், எந்த வீட்டில் கடைப் பொட்டலம் பிரிக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. மாதம் தவறாமல் கூப்பிட்ட வீடுகள் இப்போது தீபாவளிக்குத்தான் கூப்பிடுகின்றன. இப்படியே போனால் தோம்பு ஏற்றும் லோரியை விற்க வேண்டியதுதான். மளிகைக்கடைக்காரர்களே, கிரைண்டர் ரிப்பேர்காரர்களே, உங்களுக்கு இது புரியும். ஆனாலும், சமைக்காதவர்கள் அடுப்பை என்னதான் செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

கெட்டுப்போன கேஸ்

ஒரு டீச்சரம்மா அவசரமாகக் கூப்பிட்டார். போய்ப் பழைய தோம்பைத் தூக்கினால் நல்ல கனம். முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. இதை மாற்ற வேண்டாம், இன்னும் பல மாதம் ஓடும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் மூக்கைச் சுளித்தார்.

"போன தீபாவளிக்குப் போட்டது அங்கிள். இவ்வளவு நாள்ல கெட்டுப் போயிருக்கும் லா!"

விளம்பரம் முடியட்டும்

பக்கத்து ஊர் செனாயில் ஒரு தம்பி. மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. கடைச் சாப்பாடு அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பத்தியத்துக்குப் பூண்டுக்குழம்பு வைக்க, ஓர் அக்காவின் சமையல் வீடியோவோடு கைபேசியைச் சீனி டின்னில் சாய்த்துவைத்துத் தயாராக நின்றார். நான் தோம்பை மாட்டியதும் சட்டியில் எண்ணெய் ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்து வீடியோவில் ஷாம்பு விளம்பரம் வந்துவிட்டது. கையில் வெந்தயத்தோடு அவர் விளம்பரத்தையே பார்க்கிறார், எண்ணெய் புகைகிறது, உள்ளே மனைவி இருமுகிறாள். நான்தான் பாய்ந்து அடுப்பை அணைத்தேன். பசியோடு காத்திருக்கும் அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. ஏன் தம்பி சும்மா நின்றீர்கள் என்று கேட்டேன்.

"அந்த அக்கா வெந்தயம் போடச் சொல்லவே இல்லையே அண்ணே!"

பித்தளைப் பானை

புதுமனை புகுவிழா. நல்ல நேரம் முடியப்போகிறது, பால் பொங்கவில்லை என்று போனில் அலறினார்கள். அவர்கள் வீட்டில் இருந்தது இண்டக்‌ஷன் கரண்டு அடுப்பு. அதன்மேல் மஞ்சள்கொத்து கட்டிய பித்தளைப் பானை. அந்த அடுப்பு பித்தளையை ஏற்காது என்பது யாருக்கும் தெரியவில்லை. அது கீங் கீங் என்று கத்திக்கொண்டிருந்தது. ஒருவர் கரண்டு கெட்டிலில் பாலை ஊற்றிப் பார்த்தாராம். கொதி வந்ததும், பால் பொங்குமுன்பே அது தானாக அணைந்துவிட்டது.

தோம்பையும் என் கடையில் இருந்த ஒற்றை அடுப்பையும் கொண்டுபோய்ப் பற்றவைத்தேன். பால் பொங்கியது. வீட்டுக்கார அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு நிறைந்து, ஒரு நிரந்தர வாடிக்கை கிடைத்தது என்று தோம்பைச் சமையலறை மூலைக்கு நகர்த்தப் போனேன். அம்மா தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம் அண்ணே, தூக்கிட்டுப் போயிடுங்க. நாங்க சமைக்கிறதில்ல. அடுத்த வீடு வாங்கினா கண்டிப்பா உங்களைத்தான் கூப்பிடுவோம்!"

ஆகவே என் பிழைப்பு இனி கூலாய்க்காரர்களின் பசியை நம்பி இல்லை, அவர்கள் வாங்கப்போகும் வீடுகளை நம்பித்தான்.