கண்ணாடி இல்லாத கல்யாணப் படம்

என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பா அம்மா கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி கிடையாது. பூச்சி அரித்து அப்பாவின் தோளைத் தின்றுவிட்டது. அம்மாவின் முகத்துக்கு இன்னும் இரண்டு விரல்கடைதான். வருகிறவர்களெல்லாம், "உங்கம்மா படத்துக்குச் சட்டம் போடுற கடையில வேல பாத்தவங்க, அவங்க படத்துக்கே கண்ணாடி இல்லியா?" என்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

காரைக்காலில் நாங்கள் குடியிருந்தது பிரெஞ்சுக்காரர் காலத்து மாடிக் கட்டடம். ஒரு குடும்பத்துக்குக் கட்டியதைப் பலகை வைத்துத் தடுத்து ஏழு ஒண்டுக்குடித்தனமாக்கியிருந்தார்கள். ஏழு வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே மாடிப்படி. அந்தப் படிக்கட்டைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு கருங்கல் படியும் ஒரு முனையில் மட்டும் சுவருக்குள் செருகியிருக்கும். மறு முனைக்குத் தூணும் இல்லை, உத்தரமும் இல்லை. கட்டியவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் நம்பியதெல்லாம் அந்த ஒரு சுவரை. கடற்காற்றின் உப்பு அதன் சுண்ணாம்பை உதிர்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கீழிருந்து மேல்வரை விரிசல் ஓடியது.

பார்க்க வந்த ஓவர்சியர் விரிசலுக்குக் குறுக்கே ஒரு சாண் நீளத்தில் பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனையிலும் சிமெண்டு பூசினார். "இது முழுசா இருக்கிற வரைக்கும் இருங்க. கீறல் விட்டா சுவரு நகருதுன்னு அர்த்தம். அன்னிக்கே எல்லாரும் காலி பண்ணிடணும்" என்றார்.

மாடியில் தனியாக இருந்த டீச்சரம்மாவுக்கு அந்தக் கண்ணாடிதான் வேதவாக்கு. கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். அம்பகரத்தூரிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "அது கீறட்டும், அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்" என்பார். பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தார்.

ஐப்பசியில் விடாத மழை. ஒரு மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது கல்யாணப் படத்தில் கண்ணாடி இல்லை. "தொடைக்கிறப்ப ஒடஞ்சிடுச்சு" என்றாள் அம்மா. அவள் விரலிடுக்கில் சிமெண்டு. ஓடிப்போய்ப் பார்த்தேன். விரிசல்மேல் கண்ணாடி முழுசாக இருந்தது, பூச்சுதான் ஈரமாக இருந்தது. கீறல் விட்டதை எடுத்துவிட்டு, புதுக் கண்ணாடி பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, கல்யாணப் படத்தின் பழைய கண்ணாடியை நறுக்கி வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி வந்தது. அப்பா இறந்தபின் அந்த வாடகைக்கு எங்களுக்கு ஊரில் வேறு இடம் ஏது?

"டீச்சர்கிட்டயாவது சொல்லிடலாம்மா."

"தையில வேற வீடு பாத்துட்டுச் சொல்லுவோம். இத்தன வருசம் நின்ன சுவரு ரெண்டு மாசம் நிக்காதா?"

நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை டீச்சரம்மா குடையை மடக்கியபடி வாசலில் நின்றார். "இருட்டா இருக்கு. கீறல் இருக்கா, பாத்துச் சொல்லேன் கண்ணு."

"இல்லங்க டீச்சர்" என்றேன். பொய் சொல்லவில்லை. ஏழெட்டுப் படி ஏறியிருப்பார். சுவர் அப்படியே உட்கார்ந்தது, படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவரை வெளியே எடுக்க மத்தியானம் ஆனது.

அவர் படத்துக்குச் சட்டம் போட, மகள் எங்கள் அம்மாவிடமே வந்தாள். அம்மா கண்ணாடி நறுக்கிக் கொடுத்தாள். பிறகு சாகும்வரை ஊரார் படத்துக்கெல்லாம் நறுக்கினாள். தன் படத்துக்கு மட்டும் போடவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

நேற்று என் மகள் அளவெடுத்துக் கண்ணாடி வாங்கி வந்தாள். பாட்டி முகத்தையாவது காப்பாற்றலாம் என்றாள். "கீறல் ஏதும் இருக்காம்மா, பாருங்க."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.