கம்ப்ரசருக்குப் பொட்டு

கோல் மார்க்கெட் பக்கம் எனக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய உத்தரவில், வீட்டு எண்ணுக்குக் கீழே ‘கேரேஜ் ஒன்று’ என்றும் இருந்தது. அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படித்தேன். எங்கள் குடும்பத்தில் யாரிடமும் கார் இருந்ததில்லை. அப்பாவிடம் ஆட்டோ இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் டெல்லிக்கு வந்து, கட்டட வேலை செய்து, பிறகு வாடகை ஆட்டோ ஓட்டி, கடைசியில் சொந்தமாக வாங்கிய ஆட்டோ. அதன் வருமானத்தில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரி முடித்தேன், தேர்வு எழுதி மத்திய அரசு வேலைக்கு வந்தேன். அதனால் கேரேஜில் எதை நிறுத்துவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்பாவுக்குத்தான் வந்தது. வரிசையாகக் கார்கள் நிற்கும் காலனிக்குள் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வர அவருக்குக் கூச்சம். வாசல் காவலாளி வேறு தினமும் மறித்து, “கிஸ்கோ சோட்னா ஹை, பையா?” என்பான். யாரை இறக்கிவிட வேண்டும் என்று கேட்கிறானாம். “என்னையேதான்” என்று அப்பா இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே வருவார். வந்ததும் என்னிடம் ஆரம்பிப்பார்.

“நான் வண்டிய கரோல் பாக் ஸ்டாண்டுலயே வுட்டுட்டு மெட்ரோவுல வந்துடறேன் பாப்பா. உனுக்கு என்னாத்துக்கு இந்தப் பேச்சு.”

“பேசறவங்க பேசட்டும்ப்பா. கேரேஜ் உன் பொண்ணு பேர்ல இருக்கு.”

காலனி முனையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவரை நடைபாதை வேலைக்காகக் கிளப்பிவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் எப்போதும் வரிசை. அப்பா ஒரு கால் பம்பை எடுத்து வைத்துக்கொண்டு விடியும் முன்னே மிதிக்க ஆரம்பித்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஜன்னலிலிருந்து சில நாள் பார்த்துவிட்டு, ஏர் கம்ப்ரசர் வாங்குவதென்று முடிவு செய்தேன். டயருக்கும் ஆகும், ஆட்டோவில் அடையும் டெல்லிப் புழுதியை ஊதித் தள்ளவும் ஆகும்.

“காத்துக்கு ஒரு மிஷினா” என்றார் அப்பா.

“வாங்கட்டும் வுடு” என்றாள் அம்மா. “உன்னாட்டம் அதுவும் டீ கேக்கப்போவுதா.”

கேரேஜுக்கு நேர் மேலே காலனிச் சங்கச் செயலாளரின் வீடு. திருநெல்வேலிக்காரர். அவர் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து தூங்குபவர். வாங்குவதற்கு முன்பே செயலாளரிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று போய்ச் சொன்னேன்.

“ஆட்டோ நிறுத்துனிய, சரி. இப்பம் காத்து மிஷினா? அடுத்தாப்ல பஞ்சர் கடை போர்டு மாட்டிருவிய போலுக்கே” என்றார்.

“அக்கா தூங்குவாங்கன்னு தெரியும் சார். சத்தம் கம்மியா இருக்கறதாப் பாத்துதான் வாங்கப்போறேன்.”

“சத்தமில்லாத மிஷினும் உண்டா? எங்க வீட்டு மிக்ஸி தெருவையே கூட்டுது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்லுதேன் தாயி. ஆட்டோவ வெளிய நிறுத்தச் சொல்லுங்கன்னு ஏற்கனவே நாலு பேரு எங்கிட்ட சொல்லிக்கிட்டுதான் இருக்காவ. நான் சமாளிச்சு வச்சிருக்கேன். வாங்குனதும் எனக்கு முன்னால ஒருதடவ ஓட்டிக் காட்டு. என் வீட்டுக்காரி தூக்கம் கெட்டுச்சுன்னா மிஷினும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம். சரியா?”

“சரி சார். ஓட்டுனா பால் பொங்கறதுக்குள்ள தானா நின்னுடும். அதுக்குமேல சத்தம் வராது.”

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் எதைப் பந்தயம் வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. ஸ்டாண்டுக்கே போய்விடுகிறேன் என்பதற்கு அவருக்கு ஒரு சாக்கு போதும்.

ஒரு வாரம் படித்தேன். பெல்ட்டில் ஓடும், எண்ணெய் ஊற்றும் வகை நெடுநாள் உழைக்கும். ஆனால் கட்டிலுக்கடியில் மோட்டார் சைக்கிளை ஓட்டுவது போலச் சத்தம். எண்ணெய் இல்லாத வகை அவ்வளவு நாள் தாங்காது, சத்தம் குறைவு. மூன்று டயருக்குப் பெரிய டாங்கும் தேவையில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அப்பாவோடு கரோல் பாக் கடைக்குப் போனேன். கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது அப்பாவுக்கு. “ஏக்தம் சைலண்ட் ஹை”, துளிச் சத்தம் இல்லை, என்று ஓட்டிக் காட்டினார். தெருவில் அடித்த ஹாரனில் எதை ஓட்டினாலும் சைலண்ட்தான். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னேன். எவ்வளவு தூரத்தில் நின்று அளந்த சத்தம் இந்தப் பெட்டியில் போட்டிருப்பது என்று கேட்டேன். அவர் ஷட்டரை இறக்கிக்கொண்டே என் வேலை என்னவென்று அப்பாவிடம் விசாரித்தார்.

“படீ-லிக்கீ ஹை” என்றார் அப்பா. படித்தவள் என்று. வேலையைக் கேட்டதற்கு அது பதிலில்லை. அவருக்கு அது போதுமான பதிலாக இருந்தது. எனக்கும்தான்.

கம்ப்ரசரைப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தோம். காவலாளி மறித்தபோது, “இன்னிக்கு சவாரி இதுதான்” என்று அப்பா பின்னால் காட்டினார்.

கேரேஜில் இருந்தது பல்பு எரிக்கும் அளவுக்கான சின்ன பாயிண்ட். மெல்லிய ஒயரை நீட்டி இழுத்தால் மோட்டார் சூடாகிக் கெட்டுவிடும் என்று கையேட்டில் இருந்ததால், எலக்ட்ரீஷியனை வைத்துத் தடித்த ஒயர் இழுத்துப் பெரிய பிளக் போட்டேன். தரையில் ரப்பர் பாய் விரித்து, சுவரில் இடிக்காதபடி தள்ளி வைத்தேன். குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஓரிடத்தில் நுரை வந்தது. வெள்ளை டேப் சுற்றி இறுக்கினேன். சனிக்கிழமை மாலை ஓட்டினேன். சொன்ன நேரத்துக்குள் டாங்க் நிரம்பி, தானாக நின்றது.

“பொட்டு வைக்காமயே ஓட்டிட்டியா” என்று அம்மா மாடியிலிருந்து கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் வந்தபோது கேரேஜ் வாசலில் கோலம் இருந்தது. கம்ப்ரசரின் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அம்மா முடித்துவிட்டாள். செயலாளர் மேலே படுத்திருந்த மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் டாங்கில் இருந்த நேற்றைய காற்றைத் திறந்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

மெல்லிய உறுமல். நேற்றைவிடச் சத்தம் குறைவாக இருந்தது.

“கேக்குதா?” என்றார் செயலாளர்.

“என்னது கேக்குது?” என்றது போன். “ஆரம்பிச்சாச்சா?”

“பரவால்லயே தாயி” என்றார் அவர். ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவின் முகம் தெளிந்தது.

ஆனால் அது நிற்கவில்லை. அளவுமானியின் முள் நகர மனமில்லாமல் நகர்ந்தது. நான் நின்றுவிடும் என்று சொன்ன நேரம் தாண்டியது. குழாயைத் தடவிப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை.

“பால் பொங்கி அடுப்பே அணைஞ்சிருக்கும் போலுக்கே” என்றார் செயலாளர்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இயந்திரத்தின் மேல் இரண்டு பக்கமும் கறுப்பாக, வட்டமாக ஒவ்வொரு மூடி. அதிலுள்ள துளைகள் வழியாகத்தான் அது காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டின் மேலும் அம்மா தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவே குங்குமம் வைத்திருந்தாள். ஓரத்தில் மிஞ்சிய ஓரிரு துளைகளால் அது திணறிக்கொண்டிருந்தது. சத்தம் குறைந்ததும் அதனால்தான்.

ஸ்விட்சை அணைத்தேன். செயலாளருக்குத் திருப்தி. மேலே இருப்பவருக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் போன பிறகு துடைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த அமைதி நான் தேடிப் பிடித்ததல்ல. அதைக் காட்டி ஆட்டோவுக்கு இடம் வாங்கினால், அப்பா தினமும் வண்டி நிறுத்துவது ஏமாற்றி வாங்கிய இடத்தில் என்று எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். உரிமை என்று அவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே பயந்துகொண்டு இருக்க எனக்கு இஷ்டமில்லை.

“சார், இது அதோட நெசமான சத்தம் இல்ல” என்றேன். “மறுபடி ஓட்டணும்.”

பழைய துணியால் சந்தனத்தை வழித்தேன். துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்தேன். வாசலில் நின்றிருந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“நான் கண்ணுன்னு நெனச்சேன்” என்றாள்.

“அது மூக்கும்மா.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மூக்க அடைச்சிட்டு ஓடுன்னா அதுதான் என்னா பண்ணும்” என்றார்.

டாங்கில் ஏறியிருந்த காற்றைத் திறந்துவிட்டு மறுபடி ஸ்விட்ச். இந்த முறை நிஜமான சத்தம். சனிக்கிழமை எனக்குக் குறைவாகப் பட்ட அதே சத்தம், இப்போது கேரேஜ் முழுக்க நிறைந்தது போல இருந்தது. போன் துண்டிக்கப்பட்டது. மேலே கதவு திறந்தது. நைட்டிக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு நர்ஸ் அக்கா படியிறங்கி வந்தார். அவர் வந்து நிற்கவும் டாங்க் நிரம்பி, டக்கென்று இயந்திரம் நிற்கவும் சரியாக இருந்தது.

“இப்பம் கேட்டுது” என்றார். “ஃப்ரிட்ஜ் ஓடுத மாதிரி. அதுல நான் தூங்கிருவேன். நீங்க கூடி நின்னு பேசுததுதான் தாங்கல.” அப்பாவிடம் திரும்பினார். “அண்ணே, என்னைக்கும் எப்பம் காத்தடிப்பிய?”

“விடியறதுக்கு முன்னம்மா. வண்டி எடுக்கறப்போ.”

“அப்பம் நான் வார்டுல இருப்பேன்லா. அந்நேரம் வீட்ல தூங்குதது இவுகதான்.” கணவரைப் பார்த்தார். “என் தூக்கம்னு ஊரெல்லாம் சொல்லி, உங்க தூக்கத்தயா காப்பாத்திக்கிட்டிருக்கிய?”

செயலாளர் அளவுமானியின் பக்கம் திரும்பிக்கொண்டார். “விடிஞ்ச பெறவு ஓட்டச் சொல்லு தாயி” என்றார். “டாக்டரும் என்னய விடிஞ்சதும் எந்திரிச்சு நடக்கத்தான் சொல்லுதாரு. அந்த நாலு பேருக்கு நான் சொல்லிக்கிடுதேன்.”

இருவரும் மேலே போனார்கள். அப்பா எலுமிச்சம்பழங்களை ஓரமாக நகர்த்திவிட்டு, குழாயை எடுத்து முன் டயருக்குக் காற்று வைத்தார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அங்கேயே நின்றாள். 

“அது எங்கெங்க மூச்சு வுடுது, மொதல்ல காட்டு” என்றாள்.

காட்டினேன். இழுப்பது இங்கே, சூடு வெளியேறுவது இங்கே, தண்ணீர் வடிப்பது அடியில். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டாங்கின் வயிற்றில் வெறும் இரும்பாக இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அதே இடத்தில்தான் வைக்கிறாள். அப்பா கரோல் பாக் ஸ்டாண்டைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.