வெளியே திரும்பிய பாதம்

சுங்குவார்சத்திரத்தில் ஒரு எக்ஸ்ரே சென்டரின் டார்க் ரூமில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சிவப்பு விளக்கில் பிலிமைக் கழுவிக் காயப்போட வேண்டும். ஒருவருடைய படம் இன்னொருவர் கவருக்குள் போய்விடுமோ என்று எதையும் மூன்று தடவை பார்ப்பேன். அப்படியே எலும்புகள் கண்ணுக்குப் பழகிவிட்டன.

எக்ஸ்ரே படிப்பு மாணவர் ஒருவர் பயிற்சிக்கு வந்திருந்தார். தொடை எலும்பைச் சத்தம் போட்டுத்தான் மனப்பாடம் செய்வார். பந்து மாதிரித் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்காரும். அதற்குக் கீழே கழுத்து. கழுத்து முடிகிற இடத்தில் வெளிப்பக்கம் பெரிய முண்டு, உள்பக்கம் சின்ன முண்டு. இரண்டு பாதங்களையும் உள்நோக்கித் திருப்பி எடுத்தால் கழுத்து முழு நீளத்துக்குத் தெரியும், சின்ன முண்டு ஒளிந்துகொள்ளும். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

ஒரு நாள் பக்கத்துக் கம்பெனியில் காலை ஷிப்டில், லைனில் வேலை செய்யும்போது விழுந்த ஒருவரை அங்கிருந்த சூப்பர்வைசர் ஆட்டோவில் கூட்டி வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் வேலை. வலது இடுப்பில் அடி. சூப்பர்வைசரின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டுதான் வந்தார். டாக்டர் ஈரப் பிலிமை விளக்கில் பார்த்துவிட்டு, "முறிவு இல்ல, மாத்திரை போடுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் மறுபடி பார்த்தேன். இடது பக்கம் சின்ன முண்டு தெரியவில்லை. வலது பக்கம் கொய்யாப் பிஞ்சு போலத் துருத்திக்கொண்டிருந்தது. கழுத்தோ குட்டையாகிக் கிடந்தது. யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது.

மாணவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "இன்னாப்பா இது, ஒரு பக்கம் மட்டும் இப்டி கீது?"

"மெதுவாக்கா. அந்தப் பாதம் வெளிய திரும்பிக் கெடந்துச்சு, நான் உள்ள திருப்பல. தொட்டாலே கத்துறாரு. டாக்டருக்குத் தெரிஞ்சா எடுக்கத் தெரியலன்னு திட்டுவாரு."

"நீ திருப்பாததால அப்டி கீதா? இல்ல, ஒடஞ்சிட்டதால திரும்பவே மாட்டேங்குதா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

அதற்குள் சூப்பர்வைசர் உள்ளே வந்தார். "எய்ந்திரிப்பா, ஆட்டோ நிக்கிது."

"பிலிம் காயல சார்" என்றேன்.

"எம்மா நேரம் காயும்? வோணும்னே இழுக்கிறியாம்மா?"

மேஜையில் படுத்திருந்தவர் முழங்கையை ஊன்றினார். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. இறங்கி நடந்துருவேன். நாளைக்கி லீவு போட்டா வேற ஆள வச்சிருவாவ."

"கால கீய வெச்ச, அவ்ளோதான்! படுப்பா!" என்று கத்திவிட்டேன். விரிசலாக இருந்தால், ஒரு எட்டு வைத்தாலே எலும்பு விலகிவிடுமே.

மாணவர் நடந்ததைச் சொல்ல டாக்டர் அறைக்குப் போனார். திட்டு வெளியே வரை கேட்டது. திரும்பி வந்து, அடிபட்ட காலைத் தொடாமல், நல்ல காலை மட்டும் தூக்கிவைத்து, இடுப்பின் பக்கவாட்டில் பிலிம் போட்ட கேசட்டை நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார். அந்தப் படத்தைக் கழுவி விளக்கில் பிடித்தேன். கழுத்தின் குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு. டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கால ஊனக் கூடாது. படுத்தபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார்.

சூப்பர்வைசர் வேனுக்காக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கம்பெனியில் இவர் என்ன சொல்வார்? லைனில் விழவில்லை, ரூமில் வழுக்கி விழுந்தான் என்பாரோ? பின்னாலேயே போய்க் கேட்க ஆசை. ஆனால் மேஜையை விட்டு எப்படி நகர்வது?

"நெசமாவே ஒடஞ்சிருக்காக்கா?" என்று கேட்டார் மேஜையில் கிடந்தவர்.

"கோடுதான். ஆடாத இருந்தா கூடிக்கும்."

சூப்பர்வைசர் திரும்பி வந்தபோது கையில் எனக்கும் ஒரு டீ இருந்தது. நான் வாங்கவில்லை. வேன் வரும்வரை, கால் ஆடாதபடி அந்த முழங்காலின் இரு பக்கமும் கை வைத்துக்கொண்டு நின்றேன்.