ஒரு பிரிவுக்கு ஒரே விலாசம்

என் வேலையை நினைத்தாலே இப்போது வெறுப்பாக இருக்கிறது.

நுவரெலியாவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் இலவசமாகக் கண் ஆபரேஷன் செய்துவைக்கும் ஓர் அமைப்புக்கு, நோயாளிகளின் டேட்டாபேஸ் செய்துகொடுத்தோம். ஒரே ஆளை இரண்டு தடவை பதிந்துவிட்டால் ஒன்றைத் தானாக அழிக்கிற புரோகிராமை நான் எழுதினேன். பெயர், முதலெழுத்து, விலாசம் மூன்றும் ஒன்றானால் ஒரே ஆள். அடையாள அட்டை இலக்கத்தைப் பாதிப் பேருக்குப் பதியவே இல்லை.

அது சரியாக ஓடுகிறதா என்று தானாகவே பார்க்கும் டெஸ்டுகளையும் நானேதான் எழுதினேன். அதற்குப் பொய் ஆட்களை உண்டாக்க வேண்டும். என்ன விலாசம் கொடுத்தேன் தெரியுமா? வீட்டு இலக்கம், ஒழுங்கைப் பெயர், கொழும்பு என்று ஆளுக்கொரு விலாசம். தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள் நான்! அங்கே தோட்டத்தின் ஒரு பிரிவு முழுவதற்கும், அத்தனை லயத்துக்கும், ஒரே விலாசம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கடிதத்துக்குப் பெயர் கூப்பிட்டால் இரண்டு பேர் கை உயரும். அதைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் என் திரையை எட்டிப் பார்ப்பார்களே, லயத்து விலாசத்தைக் கண்டால் மானம் போய்விடுமாம். த்தூ! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டெஸ்ட் எல்லாம் சரியென்று பச்சை காட்டியது. "பச்சை வந்திருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றார் மேலதிகாரி. கேக் வெட்டித் தின்றோம்.

என் பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கொழுந்து எது, முற்றல் எது என்று தெரியாமல் பறித்து, கங்காணியிடம் தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நாளன்று தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பஸ் ஏறிப் போனார். அந்தப் பெயர் பட்டியலில் ஒரு தடவைதான் இருந்தது. அதே பெயர், அதே முதலெழுத்து உள்ள பக்கத்து லயத்து அம்மா முந்திப் போய் ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டார். "ஒங்களுக்குத்தான் செஞ்சாச்சே" என்று நர்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முகாம் எப்போதென்று யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் கொழுந்து பறிக்க மலைக்கு வர வேண்டாம் என்று கங்காணியும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டார்.

"என் பேர வெட்டுனது யாரு புள்ள?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கம்ப்யூட்டருதாங்க பெரியம்மா."

பெரியம்மா அதை அப்படியே நம்பினார். சிரிக்கக்கூடச் செய்தார்.

"நீ அதப் படிச்ச புள்ளதானே ஆயி. இங்க நாங்களும் இருக்கோம்னு அதுக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிவையேன்."