பதினாலாம் இலக்கத்து லூக்காஸ்

கொட்டாஞ்சேனை வாசிகசாலைக்குள் யார் போனாலும் முதலில் நூலகர் ரொஷேலின் குரலைத் தாண்டித்தான் போகவேண்டும். "பேர், விலாசம், நேரம். மூண்டையும் எழுதாட்டில் பேப்பர் இல்லை!" எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் இதே கதைதான். இருபத்துநாலு வருடமாக அந்த வரவுப் புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் எறிந்ததில்லை. பூச்சி உருண்டை போட்டுப் பின்னறையில் அடுக்கி வைத்திருந்தாள். கூட வேலை செய்தவர்கள் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டுமே!

போன ஆவணியில் ஒரு அமைச்சு அறிக்கை விட்டது. கால்வாய்க்கரைப் பூவரசு ஒழுங்கை என்ற சந்தில் 2010க்கு முன் ஒரு வீடும் இருக்கவில்லையாம். இப்போதுள்ள இருபத்திரண்டு குடும்பமும் நேற்று வந்து குந்தியவர்களாம். ஆகவே எழும்ப வேண்டுமாம். டீவியும் மூன்று மொழியில் அதையே ஒப்புவித்தது. ஒழுங்கைக்காரரின் பத்திரங்களோ வெள்ளத்தோடு போய்விட்டன. ரொஷேலுக்கு நெஞ்சு கொதித்தது. "பச்சைப் பொய்! அந்தச் சனத்துக்கு எத்தினை வருசமா நான் பேப்பர் குடுக்கிறன்!"

அந்த ஒழுங்கை விலாசங்களைத் தேடி மூன்று கிழமை வரவுப் புத்தகங்களைப் புரட்டினாள். "உமக்கேன் இந்த வேலை? இடமாற்றம் வேணுமா?" என்று மேலிடத்திலிருந்து போன் வந்தது. "ஆர் கேட்டாலும் காட்டுற புத்தகம் சேர், நீங்களும் வந்து பாருங்கோ" என்று சொல்லி வைத்தாள். வைத்த கையோடு அடுத்த புத்தகத்தைத் திறந்தாள்.

ஒழுங்கைக்காரர் முறையிட, ஒரு அதிகாரி வந்து வாசிகசாலை மண்டபத்திலேயே விசாரணை நடத்தினார். இருபத்தொரு வீட்டாரின் பேரும் விலாசமும் 2001, 2003 என்று அவரவர் கையெழுத்திலேயே கிடந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்பம் வைத்தார். கடைசியாகப் பதினாலாம் இலக்கத்தைக் கூப்பிட்டார். துறைமுகத்தில் வேலை செய்யும் பிறெடி, மனைவி றோஸியோடு முன்னே வந்தார். ரொஷேல் வாயெல்லாம் பல்லாக, "வாங்கோ லூக்காஸ்!" என்றாள்.

"ஆர் லூக்காஸ்?" என்றாள் றோஸி.

பிறெடிக்கு முகம் வெளிறிப்போயிற்று. புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது: லூக்காஸ், பதினாலாம் இலக்கம், 2002 முதல் செவ்வாய்க்கிழமை தோறும். அப்படியானால் அந்த வீட்டில் இருந்தது வேறு ஆள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அதிகாரி பேனையை மூடப்போனார். ரொஷேல் தலையில் கைவைத்தாள். அரசாங்கத்தின் பொய்யைப் பிடிக்கக் கிளம்பியவள், தன் மேசையிலேயே ஒரு பொய்ப் பேரை இருபது வருடம் கோட்டை விட்டிருக்கிறாளே!

வீடா மானமா என்று பிறெடி ஒரு நிமிடம் விழித்தார். பிறகு கும்பிட்டார், அதிகாரியை அல்ல, றோஸியை. "லூக்காஸ் நான்தான். செவ்வாய்க்கிழமையில நீ என்னை அந்தோனியார் கோயிலுக்கு அனுப்பேக்க, நான் இஞ்ச வந்து கிரிக்கெட் பக்கம் வாசிச்சனான். உன்ர அண்ணன்மாரும் வாற இடம், புத்தகத்தில என்ர பேரைக் கண்டா உன்னட்டச் சொல்லிப்போடுவினம். அதுதான் பேரை மாத்தினனான்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. றோஸி சிரிக்கவில்லை. புத்தகத்தை இழுத்து வரிவரியாகப் பார்த்தாள். "இது இந்த மனுசன்ர எழுத்துத்தான் சேர். கலியாணத்துக்கு முந்தி எனக்கு எழுதின கடிதம் ஒரு பெட்டி கிடக்கு. வெள்ளத்திலயும் அதைத்தான் தலையில தூக்கிக்கொண்டு ஓடினனான். இருங்கோ, கொண்டு வாறன்."

கொண்டுவந்தாள். "உள்ளுக்க வாசிக்காதேங்கோ சேர், எழுத்தை மட்டும் பாருங்கோ" என்று பிறெடி கெஞ்ச, அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு இருபத்திரண்டாவது ஒப்பத்தையும் வைத்தார். ரொஷேல் சந்தோசத்தில் வெட்கமில்லாமல் அழுதாள்.

றோஸி பெட்டியை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வாங்கோ வீட்ட போவம். அங்க வச்சு இருக்கு உங்களுக்கு."