நான் பார்க்காத கடிதம்

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை முழுவதும் நானே நிரப்பினேன். தந்தையின் படிப்பு என்ற கட்டத்தில் ‘இல்லை’, தாயின் படிப்பு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியபோது எனக்குக் கூச்சமாக இல்லை. அப்பாவுக்குத் தன் பெயரை ஒரு படம் வரைவதுபோல வரையத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அபுதாபியின் தொழிற்பேட்டையான முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவர்தான் வெல்டிங் ஃபோர்மேன். டிராயிங்கில் உள்ள குறிகளைப் பார்த்து, எந்த மூலையில் எத்தனை மில்லி வெல்டு என்று இஞ்சினியருக்கு முன்னால் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்த இரண்டு ‘இல்லை’களையும் கொஞ்சம் அழுத்தித்தான் தட்டினேன்.

இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்றை என் உயிரியல் ஆசிரியை கொடுத்துவிட்டார். இன்னொன்று, நான் வேலை செய்ததை நேரில் பார்த்த ஒரு மருத்துவரிடமிருந்து வர வேண்டும். அது வராவிட்டால் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். உதவித்தொகையோடு படிக்கும் இடம் அது. அந்த ஒரு கல்லூரியை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. கடைசி நாளுக்கு ஆறு நாள் இருந்தது.

எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர்தான். முசஃபாவில் கம்பெனி ஆட்கள் வந்து போகும் ஒரு சிறிய கிளினிக்கின் டாக்டரம்மா, நாகர்கோவில்காரர். பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் எட்டு வாரம் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பஸ்ஸில் கூட்டமாக வருபவர்களுக்குக் காய்ச்சல் பார்ப்பது, எடை பார்ப்பது, சீட்டில் எழுதுவது என் வேலை. மற்ற நேரம் டாக்டரின் அறையில் ஒரு ஓரமாக நின்று பார்க்கலாம்.

முதல் வாரத்திலேயே, இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் ஆள் ஒருவர் வந்தார். கண்ணில் இரும்புத்தூள். டாக்டர் அவர் தாடையைக் கருவியின் மேல் வைக்கச் சொல்லி, ஒரு ஊசி முனையால் அந்தத் தூளை எடுத்தார். அந்த நேரம் முழுக்க அவரோடு மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னார். மனிதக் கண்ணை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. பழுப்பு நிறத்தில் இழை இழையாக, பாலைவனத்தை வானத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. இருபது வருடம் வெல்டிங் தீயைப் பார்த்த என் அப்பாவின் கண்ணும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அன்று மதியம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

கடிதம் வேண்டும் என்றதும் அப்பாவும் நானும் யோசிக்காமல் போன இடம் டைப்பிங் சென்டர். இங்கே எங்களைப் போன்றவர்களின் கடிதங்களெல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. லீவு லெட்டர், சம்பள சர்டிஃபிகேட், குடும்பத்தை அழைத்துவரும் விசா மனு, எதுவானாலும் நாமே டைப் அடித்துக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். மேலே இருப்பவர் படிக்க மாட்டார். கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் குத்துவார். ஸ்டாம்ப் விழுந்தால் கலாஸ், வேலை முடிந்தது.

டைப் அடிக்கும் பாய் ராமநாதபுரத்துக்காரர். கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டார்.

“என்ன லெட்டர்ணே? சம்பளமா, வேலைய விட்டுப் போறதுக்கா?”

“பாப்பா டாக்டருக்குப் படிக்கப் போவுது பாய். டாக்டரம்மா குடுக்கற மாதிரி ஒரு லெட்டர்.”

பாய் முகத்தை எடுத்தார். “மாஷா அல்லாஹ். அப்ப நல்ல லெட்டராவே போட்டுருவோம்.”

அவரிடம் தயாராக ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்புகிற டிரைவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போடுகிற அனுபவச் சான்றிதழ். நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உள்ளவர். ஆண்பாலைப் பெண்பாலாக மாற்றினார்.

“இன்னும் ரெண்டு வரி சேருங்க பாய்,” என்றார் அப்பா. “புள்ள ரொம்ப தெறமையான புள்ளன்னு.”

“அண்ணே, இதுக்கு மேல சேத்தா நோபல் பரிசுதான் குடுக்கணும்.”

அந்தத் தாளோடு மறுநாள் மாலை கிளினிக்குக்குப் போனோம். அப்பா டியூட்டி டிரஸ்ஸை மாற்றிச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் தாளை வாங்கினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுவார் என்று நாங்கள் நின்றோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

“மக்களே, இது யாருக்க லெட்டரு?”

“என்னோடதுதான் டாக்டர்.”

“இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியாதே. கடைசி வரியப் பாரு. நீ வேற கம்பெனிக்குப் போறதுல எனக்கு ஆட்சேபண இல்லன்னு போட்டிருக்கு.”

பாய் அந்த வரியை எடுக்க மறந்திருந்தார். நானும்தான் படித்தேன். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள், ஸ்டாம்ப் விழப்போகிற தாள் என்பதால் கடைசி வரிவரை படிக்கவில்லை.

அப்பா குறுக்கே வந்தார். “டாக்டரம்மா, ஒரு கையெழுத்துதானுங்க. தப்பிருந்தா மாத்தி அடிச்சிட்டு வந்துடறோம்.”

“இரிங்க அண்ணாச்சி. இதுக்குப் பேப்பர் வேண்டாம், கேட்டீங்களா. காலேஜுல எனக்கு ஒரு லிங்க் அனுப்புவாவ. நான் எழுதி நேரா அனுப்பணும். பிள்ள பாக்கக் கூடாது. அதான் சட்டம்.”

“என்ன எழுதுவீங்க டாக்டர்?” என்று கேட்டேன்.

“கண்டத எழுதுவேன்.”

தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் அப்பா, “எழுதிக் குடுத்துருவாங்கல்ல?” என்றார். மடித்த தாளைப் பைக்குள் வைத்தேன். டாக்டர் கண்டது என்னவென்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

நான் கிளினிக்கில் இருந்த அந்த ஜூலையில் ஒரு நாள் சாரம் கட்டுகிற ஒருவர் வந்திருந்தார். கடலூர்ப் பக்கம். முழங்கை தோல் உரிந்து, நெற்றியில் சிராய்ப்பு. மயக்கம் ஏதும் வந்ததா என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். இல்லை, தங்கியிருக்கும் லேபர் கேம்ப் படியில் கால் வழுக்கிவிட்டது என்றார். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவர் வெளி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, வலிப்பு மாத்திர இங்க எங்க கெடைக்கும்? ஊர்லேருந்து கொண்டாந்தது தீரப் போவுது. ரெண்டு மாசமா பாதி பாதியாத்தான் போடறேன். லீவுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு.”

கேம்பில் இது வழக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை உடைத்து உடைத்து லீவு வரை ஓட்டுவார்கள்.

“அப்ப கால் வழுக்கலயா அண்ணா?”

அவர் தன் ஷூவைப் பார்த்தார். “டாக்டர்ட்ட சொல்லிராத. சாரம் கட்டற ஆளுக்கு வலிப்புன்னா விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவான். ஒன்ன கூடப் பொறந்தவளா நெனச்சு சொல்றேன்.”

“சொல்லமாட்டேன்” என்றேன்.

ஒரு மணி நேரம் சொல்லவில்லை. எடை பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், சீட்டில் எழுதினேன். ஒரு விசாவின்மேல் ஒரு குடும்பம் எப்படி நிற்கிறது என்பது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வீடும் அப்படித்தான் நிற்கிறது. பஸ் டிரைவர் உள்ளே வந்து, “யல்லா, யல்லா, ஜல்தி” என்று எல்லாரையும் கிளப்பினார். அந்த அண்ணன் பஸ் படியில் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்து ஏறுவதைப் பார்த்தேன். நாளைக் காலை இதே கையால் எத்தனையாவது மாடியில் கம்பியைப் பிடிப்பார் என்று தோன்றியது. கதவைத் தட்டாமல் டாக்டரின் அறைக்குள் போனேன். அந்த அண்ணன் சொன்னதைச் சொன்னேன். “எனக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தெரியும் டாக்டர், சொல்லாம இருந்துட்டேன்” என்றும் சொன்னேன்.

டாக்டர் கேட்டது ஒன்றுதான். “எந்த பஸ்ஸு?”

கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு வெயிலில் இறங்கிப் போனார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பஸ்ஸில் ஏறி, அந்த அண்ணனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்பது என் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, பஸ் ஓரத்து மெல்லிய நிழலில் வரிசையாக நின்றார்கள். யாரும் அவர்களை இறங்கச் சொன்னதாகத் தெரியவில்லை. டிரைவரும் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி நின்றார். அந்த வெயிலில் அத்தனை ஆட்கள் ஒருவருடைய பேச்சு முடியட்டும் என்று பேசாமல் நின்றதைப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு டாக்டர் இத்தனையும் செய்யலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இருவரும் உள்ளே வந்தார்கள். டாக்டர் சீட்டு எழுதினார். கீழ்த்தள வேலை மட்டும், உயரத்தில் ஏறக் கூடாது. காரணம் என்ற இடத்தில் ‘மருத்துவக் காரணம்’ என்று மட்டும். வலிப்பு என்ற சொல் கம்பெனிக்குப் போகும் தாளில் இல்லை. பெரிய மருத்துவமனைக்குத் தனியாக ஒரு உறையில் கடிதம், முழு மாத்திரைக்குச் சீட்டு. போகும்போது அந்த அண்ணன் என்னிடம், “நம்பித்தான சொன்னேன்” என்றார். டாக்டர் அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கண்டதை எழுதுவேன் என்றால் அந்த ஒரு மணி நேரத்தையும் எழுதுவார். மிச்ச நாளெல்லாம் கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். ‘காத்திருக்கிறது’ என்றே இருந்தது. கடைசி நாள் காலையில் ‘பெறப்பட்டது’ என்று மாறியது. அம்மா பால் காய்ச்சி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். நான் பயத்தில் அதைக் குடிக்கவில்லை.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் அபாயா அணிந்த ஒரு பேராசிரியை, கையில் தாள்கள். அவர் முதலில் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி அல்ல. “உன் மருத்துவர் ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்” என்றார். அவர் தாளைப் பார்த்து மெதுவாகப் படித்தார். ‘இந்தப் பெண் ஒரு நோயாளியின் ரகசியத்தை ஒரு மணி நேரம் வைத்திருந்தாள். அது தவறு. என்னிடம் வந்தபோது தன் தாமதத்தையும் சேர்த்துச் சொன்னாள். நான் கேட்கவில்லை.’

“அந்த ஒரு மணி நேரம் என்ன நினைத்தாய்?” என்று கேட்டார்.

அப்பாவின் விசாவைச் சொன்னேன். பஸ் கம்பியைப் பிடித்த கையைச் சொன்னேன். இப்போது நடந்தால் அந்த அண்ணனையே கையோடு டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பேன், அன்று அது தோன்றவில்லை என்றேன். அழகாகச் சொன்னேனா என்று தெரியாது. மூவரும் எழுதிக்கொண்டார்கள்.

வாசலில் அப்பா ஒர்க்‌ஷாப் பிக்கப்போடு நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும், ஜூலையில் நடந்ததிலிருந்து, சொன்னேன்.

“டாக்டரம்மா போட்டுக் குடுத்துட்டாங்களா?”

“இல்லப்பா. நடந்தத எழுதியிருக்காங்க.”

வண்டியைக் கிளப்பப் போனவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். “காலேஜுல அந்தம்மா லெட்டர படிச்சிருக்காங்க, பாப்பா” என்றார். “வரி வரியா படிச்சிருக்காங்க.”

இடம் கிடைத்த மெயில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துத் தமிழில் சொன்னேன். சுருக்கிச் சொல்ல அப்பா விடவில்லை. வாழ்த்து, நிபந்தனைகள், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், தடுப்பூசி விவரம், விடுதி விதிகள், எல்லாவற்றையும் கேட்டார். கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருக்கிறதே என்று விரலை வைத்தார். அது கல்லூரியின் முகவரி. அதையும் படித்தேன்.