உள்ளூர்க் கலைஞர், மாலை நான்கு மணி

அந்தச் சபா செயலாளரின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் என் பெயரைப் போடவில்லை, நானும் அவர் பெயரைப் போடவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி. மார்கழி வந்தால் தாம்பரத்துக் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். முகூர்த்தமே இல்லாத மாதமாயிற்றே. அந்தச் சமயம் பார்த்து எங்கள் சபா ஒரு மண்டபத்தைச் சல்லிசாகப் பிடித்து இசை விழா நடத்தும். சாயந்திரம் ஆறரைக்கு மயிலாப்பூரிலிருந்தோ மாம்பலத்திலிருந்தோ பெரிய வித்வான் ஒருவர் வருவார். அதற்கு டிக்கெட். நாலு மணிக்கு எங்களைப் போல இங்கேயே குடியிருக்கிறவர்கள் யாராவது பாடுவோம். அது இலவசம். நாலு மணிக் கச்சேரி முடிந்ததும் மண்டபத்தைச் சுத்தமாகக் காலி செய்து கதவைச் சாத்திவிட்டு, அப்புறம்தான் டிக்கெட் பார்த்து உள்ளே விடுவார்கள். ஓசியில் வந்தவன் அப்படியே உட்கார்ந்து பெரிய கச்சேரியையும் கேட்டுவிட்டால் என்ன ஆவது? செயலாளர் போட்ட சட்டம் அது. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தேன். முதன்முதலாக அந்த நாலு மணி எனக்குக் கிடைத்தபோது தலைகால் புரியவில்லை. தோடி ராகத்தைக் கச்சேரியின் மெயினாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாதகம் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தோடி மனப்பாடமாகியிருக்கும். பிறகு அழைப்பிதழ் வந்தது. வித்வானின் படம், அவருடைய பட்டங்கள், வயலின், மிருதங்கம், கடம் வாசிப்பவர்களின் பெயர்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. கேண்டீன் போடுகிற சமையல்காரர் பெயர்கூட இருந்தது. என் இடத்தில் மட்டும், "மாலை 4 மணி: உள்ளூர்க் கலைஞர்."

அச்சுப் பிழையாக இருக்கும் என்று நம்பி அவர் வீட்டுக்கே போனேன். என்ன அப்பாவித்தனம்! அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

"உங்க பேரைப் போட்டா யாரும்மா வரப் போறா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டு, ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் நெஞ்சில் தைத்தது.

அவர் சொன்னபடியே யாரும் வரவில்லை. வருவதற்கு யாருக்குத் தெரியும்? மண்டபத்தில் என் கணவர், மைக்செட்காரர், கேண்டீனில் டிபன் ரெடியாகவில்லை என்று உள்ளே வந்து உட்கார்ந்த ஒரு தம்பதி. அவர்களும் போண்டா வாசனை வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். நான் தோடி ஆலாபனையில் இருக்கும்போது செயலாளர் முன்வரிசைக்கு சோபாவை இழுத்துப் போட்டார். கரகரவென்று அந்தச் சத்தம். அப்புறம் மேடையோரம் வந்து, "சுருக்கமா முடிச்சுக்கோங்கோ" என்று கையால் ஜாடை காட்டினார். முடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையை மடிக்காமல் மூலையில் வீசினேன். அழவில்லை. வயிறு எரிந்தது. அதே மண்டபம் எனக்காக நிரம்ப வேண்டும், அதை இந்த மனுஷன் நின்று பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

மறு வருஷம் மறுபடியும் கூப்பிட்டார். நாலு மணிக்குப் பாட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. "பட்டது போதாதா உனக்கு?" என்றார் என் கணவர். நான் தேனொழுகச் சிரித்து, "ஞாயிற்றுக்கிழமை குடுங்க சார்" என்றேன். ஞாயிறுதான் அந்த வருஷத்துப் பெரிய வித்வான் பாடும் நாள். செயலாளர் யோசிக்காமல் சரி என்றார். ஞாயிறு சாயந்திரம் டீவியில் தமிழ்ப் படம் போடுவார்கள் என்பதும், அந்த நேரத்தில் தாம்பரத்தில் ஈ காக்கை வெளியே வராது என்பதும் அவருக்கு உறைக்கவே இல்லை. சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கிற ஆள். விளம்பரம் என்றால் அவருக்கு ஸ்டேஷன் மேம்பாலத்தில் போஸ்டர் ஒட்டுவதுதான். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் போஸ்டரையா நின்று படிப்பான்?

அந்த அழைப்பிதழிலும் உள்ளூர்க் கலைஞர்தான். இந்தத் தடவை நான் அவர் வீட்டுக்குப் போய் நிற்கவில்லை. என்னிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் அப்பா ஆட்டோ ஓட்டினார். கட்சிக் கூட்டமோ தள்ளுபடி விற்பனையோ, எதுவானாலும் ஆட்டோவில் மைக் கட்டி ஊரைச் சுற்றுகிறவர் அவர்தான். நான் எழுதிக் கொண்டுபோன அறிவிப்பை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், 'செவிக்கு விருந்து'ன்னு எழுதிக்கினு வந்துகீறீங்க? இத்த எவன் கேப்பான்? உடுங்க, நான் சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றிருந்தேன். கேம்ப் ரோடு பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்காமாரே, அம்மாமாரே! நம்ம புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறாங்களே, நம்ம பாட்டு டீச்சர், அவங்க ஞாயித்திக்கெழம நாலு மணிக்கு மண்டபத்துல பாடறாங்கோ! டிக்கெட்டு கெடையாது, ஒண்ணும் கெடையாது. சோறு துன்னுட்டு வூட்டப் பூட்டிக்கினு நேரா வந்துருங்கோ! படம் போடறதுக்குள்ள வூட்டுக்குப் பூடலாம்!"

அதற்கப்புறம் என் பெயர். இனிஷியலோடு. ஒவ்வொரு தெருமுனையிலும் சொன்னார். என் பெயரை அவ்வளவு சத்தமாக அதுவரை யாரும் சொன்னதில்லை. குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் ஈரம், நான் நகரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சேலையூர் முடித்து, அவர் பெருங்களத்தூர் தாண்டி பீர்க்கன்கரணை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறு நாலு மணி. திரை விலகியதும் நான் ஆடிப்போனேன். நாற்காலி போதாமல் ஓரமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். என் மாணவிகளின் வீடுகள் மொத்தமும் வந்திருந்தன. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இன்னும் நிலம் வைத்திருந்த குடும்பங்களின் பெண்கள் டிராக்டர் டிரெய்லரில் வந்து இறங்கியிருந்தார்கள். செயலாளர் வாசலில் நின்று இவர்கள் எல்லாம் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். தோடியை ஆற அமரப் பாடினேன். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்துக்குக்கூட ஒருவரும் கேண்டீனுக்கு எழுந்து போகவில்லை. சோபாக்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் மேல் குழந்தைகள் உட்கார்ந்திருந்தன.

மங்களம் முடிந்ததும் வழக்கம்போல் செயலாளரின் ஆள் மைக்கில், "டிக்கெட் உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் தயவுசெய்து வெளியேறவும்" என்றார். சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு ஜனம் எழுந்தது. அதே நேரம் வாசலில் பெரிய வித்வானின் கார் வந்து நின்றது. இறங்கிய மனிதர் எதிரே திமுதிமுவென்று வெளியேறும் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு காலியாகிக்கொண்டிருந்த மண்டபத்தை எட்டிப் பார்த்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வெளியே நின்றவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார்.

"டீச்சர், நீங்க ஒரு வார்த்தை மைக்கில சொல்லுங்கோ. டிக்கெட் வேண்டாம், எல்லாரும் உக்காரட்டும். நீங்க சொன்னா கேப்பா."

அந்த 'நீங்க சொன்னா கேப்பா'வுக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். மைக் முன்னால் போனேன். வித்வானின் பெயரை அவருடைய பட்டங்களோடு, ஊரோடு, ஒன்றுவிடாமல் சொன்னேன். பாடுகிறவர் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? பக்கவாத்தியக்காரர்கள் பெயரையும் சொன்னேன். கேண்டீன்காரர் பெயரையும் விடவில்லை. கடைசியில், "டிக்கெட் இல்லாவிட்டாலும் உட்கார்ந்து கேட்கும்படி, ஓர் உள்ளூர்ச் செயலாளர் கேட்டுக்கொள்கிறார்" என்றேன்.

கூட்டத்திலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "யாரு டீச்சர் அது, உள்ளூர் செயலாளரு?"

மண்டபமே சிரித்தது. செயலாளர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கொஞ்சம் பேர் என் முகத்துக்காக உட்கார்ந்தார்கள். மற்றவர்கள், "படம் போட்டிருப்பான்டீ" என்று பேசிக்கொண்டே போய்விட்டார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து வித்வானின் கச்சேரியைக் கடைசிவரை கேட்டேன். அடிக்கடி திரும்பி, பின்னால் கிடந்த காலி நாற்காலிகளையும் அவற்றின் நடுவே கையைப் பிசைந்துகொண்டிருந்த செயலாளரையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேம்ப் ரோடு ஆட்டோ ஸ்டாண்டில் அவரை எல்லோரும் 'உள்ளூர் செயலாளரே' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அது எனக்கு முன்னமே தெரியும். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். அடுத்த வருஷம் என் பெயரைப் படத்தோடு போடுவதாகச் சொன்னார். காபியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எத்தனை வருஷமா இந்தச் சபாவைக் கட்டி மாரடிக்கிறேன். அன்னிக்கு மைக்கில என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

நானும் சிரித்தேன், குழந்தைக்குச் சொல்வதுபோல்.

"உங்க பேரைச் சொன்னா யார் சார் உக்காரப் போறா?"